கலர் உள்ளவர்களுக்கு மட்டும்

பட்டறையில் எல்லோரும் அவளைக் கலர்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விபத்தில் விரல் போனவர்கள், பிறவியிலேயே காது இல்லாதவர்கள், புற்றுநோய் வந்து மார்பை எடுத்துவிட்டவர்கள் என்று வருகிறவர்களுக்குச் சிலிக்கானில் அந்த உறுப்பைச் செய்து கொடுக்கிற பட்டறை அது. முதலாளி அளவெடுத்து அச்சு செய்வார். அச்சில் ஊற்றுகிற சிலிக்கானில் அவரவர் தோலுக்கு ஏற்ற நிறத்தைக் கலந்து கொடுப்பது இவள் வேலை. ஜன்னலோரமாக ஒரு மேஜை, அதன்மேல் கண்ணாடிப் பலகை, பகல் வெளிச்சம் மாதிரியே எரிகிற ஒரு விளக்கு. காலையில் கையில் மாட்டுகிற நீல ரப்பர் உறையைச் சாயங்காலம்தான் கழற்றுவாள்.

மேஜையில் சாய டப்பாக்கள் வரிசையாக இருக்கும். பழுப்பு, கரும்பழுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிதாக ஒன்று. அதன் மேல் ‘தோல்’ என்று மட்டும் போட்டிருக்கும். யாருடைய தோல் என்று கேட்காதீர்கள், அவளும் கேட்டதில்லை. திறந்தால் உள்ளே லேசான சிவப்பு ஓடிய வெளுப்பு. யார் வந்தாலும் முதலில் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுத்தான் ஆளையே நிமிர்ந்து பார்ப்பாள். ஒருவருக்குத் தோலோடு கொஞ்சம் மஞ்சள், இன்னொருவருக்குத் தோலோடு நிறையப் பழுப்பு. நல்ல கறுப்பாக இருக்கிறவர்களுக்குச் செய்தது மட்டும், என்னதான் கலந்தாலும், சாம்பல் பூத்த மாதிரி இருந்து தொலைக்கும். சிலிக்கானோட குணம் அப்படி என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுவாள். அவர்களும் பாவம், தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

நிறத்தோடு அவளுக்கு உறவு இன்று நேற்று வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவள். வரன் தேடுகிற வீடுகளிலிருந்து பெண்களின் படம் வரும். முகத்தை இரண்டு சுற்று வெளுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில் அவள் கை தேர்ந்த கை. ஆனால் அவளுடைய சொந்தப் படத்துக்கு எந்த டச்சிங்கும் தேவைப்படவில்லை. அவள் நல்ல கலர். நம் வீடுகளில் கலர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘பொண்ணு கலரா இருக்கா’ என்றால் பச்சை, நீலம் என்றா எடுத்துக்கொள்வோம்? சிவப்பாக, வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். கறுப்பு நம் கணக்கில் ஒரு கலரே இல்லை.

மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, “மூத்த மருமக. நல்ல கலர்” என்பார். பிறகு கையைப் பின்பக்கமாக ஆட்டி, “அது என் பொண்ணு. கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா” என்பார். இந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லை அந்தப் பெண் எத்தனை முறை விழுங்கியிருப்பாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. கலர்க்காரம்மாவும் யோசித்ததில்லை. கெட்டவள் என்று சொல்லவரவில்லை. அவள் மேல் பட்ட வெயில் அவளுக்கு எப்போதும் இதமாகவே இருந்துவிட்டது, அதுதான் விஷயம்.

அந்த நாத்தனார் இவளைவிட ஒரு வயது பெரியவள். அண்ணன் மனைவி என்பதால் அண்ணி என்று கூப்பிடுவாள், ஆனால் பேச்செல்லாம் நீ, வா, போதான். வந்து பார்த்துவிட்டுப் போன வரன்கள் திரும்பி வராமல் போனபோது, “போனா போகட்டும், என் பின்னாடி அம்பது பேர் உக்காந்து வர்ற மாதிரி ஒரு வேல பாக்கறேன்” என்று சொல்லி, நகரப் பேருந்தில் டிரைவராகச் சேர்ந்தாள். சொன்னபடியே தினமும் அவள் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்தும் நின்றும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். கலர்க்காரம்மாவுக்கு அவளைவிட நெருங்கிய மனுஷி வேறு யாரும் கிடையாது. புருஷன்கூட அடுத்தபடிதான்.

அப்படி இருக்கையில் நாத்தனாருக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, மருந்தெல்லாம் முடிந்து, முடியும் திரும்ப வளர்ந்துவிட்டது. டிப்போவில் வரச் சொன்னார்கள். உள்ளாடைக்குள் அண்ணனுடைய சாக்ஸைச் சுருட்டி வைத்துக்கொண்டு, “ஒரு பக்கம் அம்மா குடுத்தது, ஒரு பக்கம் அண்ணன் குடுத்தது. குடும்பமே என் நெஞ்சுலதான் இருக்கு” என்று சிரித்துக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். முதல் திருப்பத்திலேயே சாக்ஸ் நகர்ந்து கக்கத்துக்குப் போய்விட்டதாம். சீட் பெல்ட் தட்டையான பக்கத்தில் நிற்காமல் வழுக்கி மேலே ஏறிக் கழுத்தை அறுத்ததாம். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் நிற்கிறவர்கள் சாலையைப் பார்க்காமல் தன் சட்டையைப் பார்க்கிற மாதிரியே இருந்ததாம். அன்றோடு வண்டியைத் தொடவில்லை. சரியான எடையில் ஒரு செயற்கை மார்பு இருந்தால் தோள் சாயாது, பெல்ட்டும் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் விலையைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். பட்டறை முதலாளி நல்ல மனுஷர். நம்ம வீட்டு ஆள் என்று சொல்லி அளவெடுத்து, அச்சை மட்டும் சும்மா செய்து வைத்தார். சிலிக்கான் விலையில் அவராலும் ஒன்றும் குறைக்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பேராசிரியை வந்தார்.

பல்கலைக்கழகத்தில் பெண்ணியம் பற்றிப் பாடம் எடுக்கிறவர். வெள்ளைக்காரப் பெண்மணி. கொஞ்சம் வெயில் பட்டாலே மூக்கு சிவந்துபோகும். அவருக்கும் ஒரு மார்பு கிடையாது. போன வருஷம் இதே பட்டறையில்தான் செய்துகொண்டார். ‘தோல்’ டப்பாவிலிருந்து எடுத்ததில் கலர்க்காரம்மா கால் சொட்டு சிவப்பு விட்டாள், அச்சாகப் பொருந்திவிட்டது. அன்றைக்கு அவர் போகாமல் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைப் படம் எடுத்தார். சாய டப்பாவைப் போய் யாராவது படம் எடுப்பார்களா என்று கலர்க்காரம்மாவுக்கு அன்றே குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

“இதுக்கு யாருங்க இந்தப் பேர் வெச்சது?” என்று கேட்டார்.

“வரும்போதே அப்படித்தான் வருது மேடம்.”

“மத்ததுக்கெல்லாம் பழுப்பு, கரும்பழுப்புன்னு நிறத்தோட பேர் இருக்கு. என்னோடதுக்கு மட்டும் வெறும் தோல். பாத்தீங்களா? எங்க நிறத்துக்குப் பேரே கிடையாது. பேர் இல்லாம இருக்கறதுதான் அதோட பலமே. நாங்கதான் மனுஷங்க, மத்தவங்க எல்லாம் எங்க மேல ஏதோ கொஞ்சம் கலந்தவங்கங்கிற மாதிரி.”

“ஆமாங்க மேடம்” என்றாள் கலர்க்காரம்மா. என்ன ஆமாம் என்று அவர் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள். “வேணும்னா மேல ‘இளஞ்சிவப்பு’ன்னு ஒட்டிடட்டுங்களா?”

பேராசிரியை சிரித்தார். ஆனால் விடவில்லை. “பெண்கள் உரிமைன்னு நாங்க பேச ஆரம்பிச்சப்பவும் இதேதான் பண்ணோம். பெண்கள்னா யாருன்னு நாங்க யோசிக்கவே இல்ல. எங்கள மாதிரி ஒருத்திய எடுத்துப் பலகையில வெச்சுட்டு, மத்தவங்கள அப்புறமா ரெண்டு சொட்டு மேல விட்டுக்கலாம்னு இருந்துட்டோம்.”

இதுவும் கலர்க்காரம்மாவுக்கு அரைகுறையாகத்தான் பிடிபட்டது. பேராசிரியை பேசுவது அந்த ஊர்ப் பொதுமொழி. இவள் வீட்டில் பேசுவது வேறு. பொதுமொழியில் வேலை பார்த்து வருஷக்கணக்கானாலும், பாதியைக் காதாலும் மீதியை ஊகத்தாலும்தான் சமாளித்துக்கொண்டிருந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இப்போது வந்த பேராசிரியை ஒரு நல்ல செய்தியோடு வந்திருந்தார். அவருடைய பெண்கள் சங்கம் செயற்கை மார்புகளை இலவசமாகச் செய்து தரப்போகிறதாம்.  கலர்க்காரம்மா வாயைத் திறந்து ‘எங்க நாத்தனார்’ என்று சொல்லவும் வந்துவிட்டாள்.

“ஆனா இது எல்லாருக்கும் இல்ல” என்றார் பேராசிரியை. “கலர் உள்ள பெண்களுக்கு மட்டும். இதுல நாங்க உறுதியா இருக்கோம்.”

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

இங்கேதான் வினை. பேராசிரியை படித்த புத்தகங்களிலும் பேசுகிற கூட்டங்களிலும் கலர் உள்ளவர்கள் என்றால் வெள்ளையர் அல்லாத எல்லோரும். அவர் நாத்தனார் மாதிரியான பெண்களைத்தான் சொன்னார். கலர்க்காரம்மாவின் காதில் விழுந்ததோ மாமியாருடைய கலர். பொதுமொழியிலும் வீட்டுப் பேச்சிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற அந்த ஒரு சொல் மட்டும் நேராக வீட்டுக்குப் போய், கூடத்தில் வந்தவர்கள் முன்னால் நின்றுவிட்டது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘தோல்’ டப்பாவைப் பார்த்து அத்தனை வருத்தப்பட்ட அம்மா, கடைசியில் வெளுப்பாக இருக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்கிறாரே? அதையும் உறுதியாக இருக்கோம் என்று பெருமையாக வேறு சொல்கிறாரே? கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால், இத்தனை நாளும் ஆமாங்க மேடம் போட்டதெல்லாம் சும்மா என்று தெரிந்துவிடும். பெரிய இடத்தில் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாகத்தான் இருக்கும் என்று தானே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கலரைப் பார்த்துக் கொடுப்பது என்பது அவள் வாழ்க்கையில் புதிதாகக் கேள்விப்பட்ட சமாசாரமா என்ன?

வீட்டில் நாத்தனார் டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டு போக இடமில்லை. இருந்தாலும் வாரம் தவறாமல் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள்.

“என்ன அண்ணி, மூஞ்சி தொங்கிப் போச்சு?”

“ஒண்ணுமில்ல.” செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். “அந்தப் பேராசிரியை மேடம் வந்தாங்க. அவங்க சங்கத்துல இலவசமா மார்பு செஞ்சு தர்றாங்களாம்.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. நாத்தனார் முகத்தில் அத்தனை மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும், ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது இவளுக்கு.

“ஆனா, கலர் உள்ளவங்களுக்கு மட்டும்தானாம்.”

“என்னது?”

“கலர் உள்ளவங்களுக்கு. விதி அப்படியாம்.”

நாத்தனார் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “மாருக்குமா?” என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கல்யாணத்துக்குத்தான் கலர் கேட்டாங்க, சரி. ஒண்ண அறுத்துப் போட்டுட்டு நிக்கறேன், இங்கயும் வந்து பொண்ணு பாக்கறாங்களா?”

“சும்மா இரு நீ.”

“இல்ல அண்ணி, நான் ஒரு வழி சொல்றேன். உன் மேஜையில ‘தோல்’னு ஒரு டப்பா இருக்குன்னு சொல்வியே, அதையே எதுவும் கலக்காம அப்படியே ஊத்திக் குடு. எங்கிட்ட ஒரு இடமாவது நல்ல கலரா இருந்துட்டுப் போகட்டும். எவனாவது கேட்டா, இருக்குய்யா கலர், காட்டட்டுமான்னு கேப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கலர்க்காரம்மாதான் முதலில் நிறுத்தினாள். நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் இவள் மனசு உருகிவிட்டது. ஐயோ, இவ்வளவு நாளும் உள்ளுக்குள் இந்த ஆசையை வைத்துக்கொண்டா இருந்தாள், கிண்டல் மாதிரி கேட்டுவிட்டாளே, இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷி என்று நினைத்தாள். கிண்டல் மாதிரி இருந்தது கிண்டலேதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், சிலிக்கான் விலையைத் தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

“உங்க நாத்தனாருக்குத்தானே? வெறும் ‘தோல்’ போதும்ங்கிறீங்க?” என்றார் அவர். “எதுவும் கலக்க வேண்டாமா?”

“அவ ஆசப்பட்டுக் கேட்டா.”

“ஆசப்பட்டா சரிதான்” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஒரு மார்பை அவள் செய்த மாதிரி வேறு எதையும் செய்ததில்லை. சிலிக்கானைக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுத்து, ஊசி முனைத் தூரிகையால் நரம்புகளைத் தீட்டினாள். காம்புக்கு ரோஜா நிறம் கொடுத்தாள். ஓரத்தைக் காகிதம் மாதிரி மெல்லியதாக இழைத்தாள்.  

நாத்தனாரை வரச் சொன்ன அன்று, தன் செயற்கை மார்பின் ஓரம் கிழிந்துவிட்டதைச் சரி செய்துகொள்ளப் பேராசிரியையும் வந்திருந்தார். முன்னறையில் அவர் உட்கார்ந்திருக்க, உள்ளே ஜன்னல் மேஜையில் கலர்க்காரம்மா பெட்டியைத் திறந்து நாத்தனார் முன்னால் வைத்தாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“பெட்டி மாறிடுச்சு அண்ணி. இது வேற யாரோடதோ.”

“உன்னோடதுதான்.”

“என்னோடதா?”

“நீதானே கேட்ட. ‘தோல்’ டப்பாவுல இருந்து, எதுவும் கலக்காம.”

நாத்தனார் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். மேலே தூக்கிப் பார்த்தாள். கரிய விரல்களுக்கு நடுவே அது வேறு யாரிடமிருந்தோ பிடுங்கி வந்தது மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை தன் பெட்டியோடு உள்ளே வந்தார். வந்தவர் அந்த இரண்டு கைகளையும், கையில் இருந்ததையும் பார்த்து நின்றுவிட்டார்.

“இது இவங்க கேட்டதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க மேடம். அவளேதான் கேட்டா.”

பேராசிரியை பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். “அவங்க உடம்பு. அவங்க என்ன கேட்டாலும் அது அவங்க உரிமை. அதுல நான் வாயே திறக்கக் கூடாது” என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, “ஆனா இந்த ஆசை எங்க இருந்து வந்துச்சு? எங்களால வந்ததுன்னா நான் எப்படிச் சும்மா இருக்கறது?” என்றார். மறுபடியும், “நான் வேண்டாம்னு சொன்னா, எப்பவும் போல எங்க ஆளுங்களே முடிவு பண்ண மாதிரி ஆயிடும்” என்றார். அவர் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியவில்லை. பாவம், இத்தனை படித்தவருக்கும் அந்த முக்காலியிலிருந்து எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று தெரியாமல் போய்விட்டது. கடைசியில் நாத்தனாரைப் பார்த்து, “நீங்க ஏன் எங்க சங்கத்துக்கு வரல? இலவசமாவே கிடைச்சிருக்குமே?” என்று கேட்டார்.

“அது கலர் உள்ளவங்களுக்குத்தானே?” என்றாள் நாத்தனார்.

“நீங்க கலர் உள்ளவங்கதானே?”

நாத்தனார் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். “நானா?”

முடிச்சு அவிழக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேராசிரியை தன் கலருக்கு விளக்கம் சொன்னார். நாத்தனார் தங்கள் வீட்டுக் கலர் என்றால் என்ன என்று சொன்னாள். கேட்கக் கேட்கப் பேராசிரியை முகம் சிவந்துகொண்டே போனது. அப்போ உங்களிடம் ‘உங்களுக்கு மட்டும் கிடையாது’ என்றா சொல்லியிருக்கிறேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற முதலாளி சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் இருமினார். சங்கத்துக்கு இப்போதே போன் போட்டுச் சொல்கிறேன் என்று பேராசிரியை எழுந்தார்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றாள் நாத்தனார். “அப்ப எங்க அண்ணி? இவங்க எதுல சேத்தி?”

“அவங்களும்தான். கலர் உள்ளவங்கதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் எழுந்து வந்து கலர்க்காரம்மாவின் கையைப் பிடித்து, நீல உறையை உருவினாள். முழங்கையை விளக்குக்குக் கீழே வைத்து, அந்த மார்பைப் பக்கத்தில் வைத்தாள். அந்த விளக்கடியில் எத்தனையோ பேர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், தன் கையை ஒருநாளும் வைத்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் நல்ல கலர் என்று மெச்சிய கை, அதன் பக்கத்தில் தேநீர் பட்ட துணி மாதிரி இருந்தது. இதற்கே எத்தனை சொட்டுப் பழுப்பு வேண்டும் என்று அவள் மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“உனக்கும் இது சேரல பாரு” என்றாள் நாத்தனார்.

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அவங்க சொன்னது எனக்கு விளங்கல. நான் எங்க கண்டேன், கலர்னா இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு?”

“அத விடு. அவங்க பேசறது எனக்கும்தான் விளங்கல. நான் பேசறது உனக்கு விளங்கும்ல?” குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நான் அன்னைக்குக் கிண்டல் பண்ணேன். நாள் பூரா உன்ன கிண்டல்தான் பண்றேன். ஒண்ணாவது நீ நெஜம்னு எடுத்துக்கிட்டது உண்டா? இத மட்டும் ஏன் அண்ணி நம்பின?”

“நீ அழுத மாதிரி இருந்துச்சு...”

“அழுதேன்தான். அதுக்கு, வெளுப்பா இருந்தா போதும்னு அழறேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டியா என்ன?”

 கலர்க்காரம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். பாசத்தில்தான் செய்தேன் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அந்த உண்மை இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நாத்தனார் பெட்டியை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்து, தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டினாள்.

“இப்பப் பாரு. பாத்துச் செய்.”

பழக்கத்தில் கரண்டி ‘தோல்’ டப்பாவுக்குப் போனது. போனதை அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். ஏதோ பெரிய யோசனை என்று இல்லை. அன்றைக்கு அந்த டப்பாவைத் தொட அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நிறமே இல்லாத வெறும் சிலிக்கானைப் பலகையில் ஊற்றி, கரும்பழுப்பில் ஆரம்பித்தாள். அப்புறம் சிவப்பு, ஒரு துளி நீலம், மறுபடி சிவப்பு. கலந்து கலந்து கையில் தடவி வைத்துப் பார்த்துத் துடைத்தாள். சாயங்கால வாக்கில், தடவிய இடம் எது, தடவாத இடம் எது என்று தெரியவில்லை. சாம்பல் பூக்கவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் சாம்பல் பூத்தது சிலிக்கானின் குணம் இல்லை. தலையாட்டிவிட்டுப் போனவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர்களை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.

நாத்தனார் வழக்கம்போலக் கதை பேசவில்லை. கை வலித்தபோது மட்டும் மாற்றி வைத்தாள்.

புது மார்பு பொருந்தியது. சங்கம் செலவை ஏற்றுக்கொண்டது. பேராசிரியை இரண்டு தடவை வந்து மன்னிப்புக் கேட்டார். இனிமேல் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் அதை என்ன அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார். நாத்தனார், “விசாரிங்க மேடம், வண்டி லேட்டானாலும் பரவாயில்ல” என்றாள். வீட்டில் சாப்பாடு ஆனது, பாத்திரம் கழுவியது, டிவி ஓடியது. எல்லாம் முன்போலத்தான். கிண்டல் மட்டும் இல்லை. ‘உப்பு போதுமா அண்ணி’, ‘விளக்க அணைக்கவா அண்ணி’ என்று ரொம்ப மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதை கலர்க்காரம்மாவைக் கொன்றது.

நாத்தனார் வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள், பட்டறைக்குப் போகிற வழியில் அவள் வண்டியே வந்து நின்றது. கலர்க்காரம்மா முன்வாசலில் ஏறினாள். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த தோள், நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் நகராமல் கிடந்தது. பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், சந்தேகமில்லை.

“சரியா இருக்கா?” என்றாள்.

“இருக்கு. உள்ள போ அண்ணி, வழியில நிக்காத. ஆளுங்க ஏறணும்.”

உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் நம்பின என்ற கேள்விக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பதிலைத் தயார் பண்ணினாள். மாமியார் மேல் பழி போட்டுப் பார்த்தாள். ஸ்டூடியோ மேல் போட்டுப் பார்த்தாள். டப்பா மேலேயே போட்டாள். எதுவும் பொய்யில்லை, எதுவும் போதவுமில்லை. அந்த நிமிஷத்தில், சிரிப்பை நிறுத்திய அந்த ஒரு நிமிஷத்தில், அவள் மனசு எதைப் பார்த்து உருகியது என்று எவ்வளவு துழாவினாலும் அவளுக்கே பிடிபடவில்லை.

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

“நீ கேட்டதுக்கு,” என்றாள், “எனக்கே தெரியல.”

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகுதான் திரும்பி, ரொம்ப நாளைக்கப்புறம் இவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தெரிஞ்சப்புறம் சொல்லு” என்றாள். “நான் இந்த ரூட்லதான் ஓட்டுவேன்.”